பச்சையாய் நின்றது அந்தக் காணி ஒன்றுதான்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். விலா எலும்பு தெரிய நிற்கும் ஒரு மாடு. அதற்கு முன்னால் நல்ல பச்சை இலை. “இதை இப்போது கொடுக்காதீர்கள்” என்று அந்த மாட்டின் சொந்தக்காரருடைய முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா?

சொல்லலாம் என்று பயிற்சி வகுப்பில் எல்லோரும் கை தூக்குவீர்கள். நானும் தூக்கியிருப்பேன். வெயிலில் நின்று சொல்வது வேறு.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சாம்பல்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து திரிந்து, கடைசியில் ஒரு பண்ணையாளர் சங்கத்தின் நாற்றுமேடையில் மண் நிரப்பும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து மெல்ல மெல்லக் களப்பணியாளர் ஆக்கினார்கள். படிப்பு குறைவு, பயம் கூட. ஸ்கூட்டியில் வெளிக்கிட்டால் காஸ் அடுப்பை மூடினேனா என்று சந்தியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். விதை ஊறப்போட வைத்த சுடுதண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சுட்டுவிட்டதோ என்று விரலை விட்டுப் பார்த்துப் புண்ணாக்கிக்கொண்டும் இருக்கிறேன். என்னோடு வேலை செய்தவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்களும் பயப்படுகிற ஆட்களாக இருந்தால், கீழே வருவதை இரண்டு தரம் வாசியுங்கள்.

வெருகல் பக்கம் உங்களுக்கு வேலைக்குப் பிரித்துத் தந்தால் தெரியும். ஆற்றை விட்டுக் கடற்கரைப் பக்கம் போகப் போக வெறும் மணல். மழைத் தண்ணீரை வைத்திருக்காத மண். உரம் போட்டால் அடுத்த மழையோடு கீழே போய்விடும். மாரியில் ஏதோ கொஞ்சம் புல் வரும், சித்திரை கழிய அதுவும் மஞ்சளாகிப் படுத்துவிடும். அப்படியான இடத்தில்தான் இப்பில்-இப்பில் என்ற தீவன மரத்தை நட்டோம். புளியிலை மாதிரிச் சின்ன இலை, தட்டையான நெற்று, ஒருமுறை பிடித்துவிட்டால் வருசக்கணக்கில் நிற்கும். வேர் எங்கேயோ ஆழத்தில் போய்த் தண்ணீரைத் தேடும். தனக்கு வேண்டிய சத்தைக் காற்றிலிருந்து தானே எடுத்து வேரில் சேர்த்துக்கொள்ளும். மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இலையில் ஒரு நஞ்சு உண்டு. மற்றத் தீனியோடு கொஞ்சமாகக் கலந்து கொடுத்தால் ஒன்றும் செய்யாது. அதையே முழுச் சாப்பாடாக்கினால் மயிர் கொட்டும், வாய் ஒழுகும், சாப்பாட்டில் மனம் விட்டுப்போகும், சினை கலையும். இதை நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னோம். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். ஆனால் கடும் வறட்சியில் ஊர் முழுவதும் காய்ந்து கிடக்கும்போது, பச்சையாய் நிற்பது அந்தக் காணி ஒன்றுதான். அப்போது ஒரு மனிசனிடம் “கொஞ்சமாகக் கொடு” என்றால், எதோடு கலந்து கொஞ்சமாகக் கொடுப்பது?

தவராசா அண்ணனுடைய காணி அப்படித்தான் பச்சையாய் நின்றது.

அவரிடம் வயல் இல்லை, தோணி இல்லை. தகப்பன் விட்டுப்போன மாட்டுப் பட்டிதான் சொத்து. சண்டைக் காலத்தில் பாதி காணாமற்போய், மிஞ்சியதிலிருந்து திரும்பப் பெருக்கிய மாடுகள். கறவை மாடுகள் மட்டும் வீட்டு வளவில் நிற்கும், மனைவி பவளமக்கா பார்ப்பார். மிச்சமெல்லாம் வெளியில், கன்றுகளோடு. எங்களிடம் நாற்று வாங்கி நட்ட முதலாள் அவர். மற்றவர்கள் எல்லாம் மணலில் மரம் நடுகிறான் என்று பகிடி பண்ணியபோதும் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவர்.

இங்கே பட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பட்டியை ஒரே இடத்தில் வைத்திருக்கமாட்டார்கள். சாணமும் சலமும் மண்ணில் சேரட்டும் என்று கம்புகளைப் பிடுங்கி, இடம் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். வயல்காரர் கூடக் கேட்டுக் கூப்பிட்டுத் தங்கள் வயலில் கட்டுவிப்பார்கள். நல்ல வழக்கம். அந்த வறட்சியில் தவராசா அண்ணன் அதே வழக்கப்படி பட்டியைக் கொண்டுபோய் இப்பில்-இப்பில் காணிக்குள்ளேயே கட்டிவிட்டார். மண்ணுக்கும் உரம், மாட்டுக்கும் தீனி, கள்ளரிடமிருந்தும் காவல். ஒரு கல்லில் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார். மாடுகள் பகலிலும் அதைத்தான் தின்றன, இரவிலும் அதைத்தான் தின்றன. நாங்கள் அந்த நாட்களில் தோப்பூர்ப் பக்கம் கிணறு துப்புரவாக்கும் வேலையில் நின்றோம். அவரும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, அது அவருடைய வழக்கமான வேலை.

ஒரு நாள் விடிய அவரிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, மாடுகளின்ர வாயில நுரை தள்ளுது. ரெண்டு மூண்டு படுத்திட்டுது. ஒருக்கா வாங்கோ.”

அதற்கு முந்தின கிழமைதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மாடுகளுக்குக் கோமாரி, அதுதான் கால்வாய் நோய், என்று ஒரு கதை அடிபட்டது. உண்மையோ பொய்யோ தெரியாது. அந்த நோய் வந்தால் வாயில் நுரை, காலில் புண், ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்குத் தீ மாதிரிப் போகும். அந்த வறட்சியில் அந்தப் பகுதிப் பட்டிகள் எல்லாம் தண்ணீர் குடித்தது ஒரே குளத்தில். மற்றவை எல்லாம் வற்றிவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டி அமைதியாக இருந்தது. அதுதான் முதலில் பயப்படுத்தியது. பசியில் நிற்கும் மாடு கத்தும். இவை கத்தவில்லை. தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கடைவாயால் எச்சில் நூல் மாதிரி வடிந்தது. சிலதின் வால் நுனி மொட்டையாகிக் கிடந்தது, கொட்டிய மயிர் கிளைகளில் சிக்கியிருந்தது. அதைக் கண்டதும் இலைதான் என்று மனம் சொன்னது. நல்லது, இலைதான், தீனியை மாற்றினால் சரி என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாய் வெளியில் வருவதற்குள் முன்மாடு ஒன்று நகர்ந்தது. நொண்டியது.

காலைத் தூக்கிப் பார்க்க விடவில்லை. உதைத்தது.

அந்த நேரம் பார்த்து ஹனிபா நானாவின் மோட்டார்சைக்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூதூர் ஆள். எருமைப் பட்டி, தயிர் வியாபாரம். அவருடைய எருமைகள் பகல் முழுக்க அந்தக் குளத்துக்குள்தான் கிடக்கும். அவர் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

“கால்வாய்,” என்றார். சுகம் கூடக் கேட்கவில்லை.

“இன்னும் தெரியாது நானா.”

“தெரியாதெண்டா இந்த மாடு குளத்துக்கு வரக்கூடா. தெரிஞ்சாலும் வரக்கூடா. எப்பிடிப் பாத்தாலும் வரக்கூடா.”

தவராசா அண்ணன் வேலியடிக்குப் போனார். “குளம் என்ன, உங்கட வாப்பா வெட்டினதோ?”

“என்ர வாப்பா வெட்டியிருந்தா உன்னை எப்பவோ கலைச்சிருப்பன்.”

“கலைச்சுப் பாருங்கோவன்!”

“நான் ஏன் கலைக்க? பின்னேரம் எல்லாப் பட்டிக்காரரும் குளக்கட்டில நிப்பாங்க. வந்து பாரு.”

அவர்கள் வாய் காட்டிக்கொண்டிருக்க நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன். எங்கள் பகுதிக்கு ஒரு மிருக வைத்தியர்தான், நல்ல மனிசன். அன்று கந்தளாய்ப் பக்கம் போயிருந்தார், மறுநாள் பின்னேரத்துக்கு முன்னம் வரமுடியாது என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். நாக்கில் கொப்புளம் இருக்கிறதா? இருபது மாடுகளின் வாயை என்னால் எப்படித் திறக்க முடியும், திறக்கக்கூடிய ஒன்றிரண்டில் கடைவாய் புண்ணாகித்தான் கிடந்தது, கொப்புளமா உரசலா என்று தெரியவில்லை. காய்ச்சல்? வெயிலில் நிற்கும் மாடெல்லாம் சுடும். கால்? ஒன்று நொண்டுகிறது. வால் மயிர் கொட்டுகிறது என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இலை மாதிரித்தான் இருக்கு. ஆனா போனில கேட்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். நான் வரும்வரைக்கும் ஒரு மாடும் அந்த இடத்தை விட்டு வெளியில போகக்கூடாது.”

“டொக்டர், அந்த இடத்தில நிண்டா அந்த இலையைத்தானே தின்னும்? தண்ணியும் இல்ல.”

“அது எனக்கு விளங்குது,” என்றார். லைன் விட்டுவிட்டு வந்தது.

இப்போது என்னுடைய நிலையைப் பாருங்கள். இலை என்று நான் சொல்லி, மாடுகளைக் குளத்துக்கு விட்டு, அது நோயாக இருந்தால், அந்தப் பகுதியில் ஒரு பட்டியும் மிஞ்சாது. நோய் என்று சொல்லி, உள்ளே அடைத்து வைத்து, அது இலையாக இருந்தால், தவராசா அண்ணனுடைய மாடுகள் தாகத்திலும் நஞ்சிலும் என் கண் முன்னாலேயே விழும். ஒன்றைச் சொல்லு என்று இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டு வளவில் நின்ற கறவை மாடுகளைப் பற்றிப் பவளமக்காவிடம் கேட்டேன். அவை நன்றாக இருக்கின்றன, வைக்கோல்தான் தின்கின்றன என்றார். எனக்கு ஒரு நிமிடம் சந்தோசம். பிறகு யோசித்தால், அவை இலையும் தின்னவில்லை, இந்த மாடுகளோடு சேரவும் இல்லை. இலைக்கும் அது சாட்சி, நோய்க்கும் அதுவே சாட்சி. இப்படித்தான் பயந்த ஆளின் மூளை வேலை செய்யும். கையில் ஒன்று கிடைத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிடும். அதைக் குறையாக நினைத்துத்தான் அவ்வளவு காலமும் இருந்தேன்.

அப்போது ஒரு கன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. தாய்க்கு வாய் ஒழுகுகிறது. அந்த எச்சில் கன்றின் முதுகிலேயே விழுகிறது. கன்று வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கிறது. நான் மற்றக் கன்றுகளைப் பார்த்தேன். எல்லாம் சுறுசுறுப்பாகத்தான் நின்றன. அவை இந்த மாடுகளோடுதான் படுக்கின்றன, இந்த எச்சிலில்தான் புரள்கின்றன, ஆனால் இலை தின்னுகிற வயசு இல்லை. நோய் என்றால் முதலில் விழுவது இவைதான்.

இலைதான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன். இன்றைக்கு நிற்கிற கன்று நாளைக்கு நிற்குமா என்று யாருக்குத் தெரியும்?

“அண்ணன்,” என்றேன், “இதுகளை இந்தக் காணியிலயிருந்து வெளியில எடுப்பம். குளத்துக்கு இல்ல. பக்கத்து வெறும் தரைக்கு. வேலி ஒண்டுதான் இடையில. இலை ஒண்டும் எட்டக்கூடாது. வைக்கல் போடுவம்.”

“வைக்கல் எங்க? கறவைக்கு வச்சிருக்கிறது மட்டும்தான்.”

“அதைப் பங்கு போடுவம்.”

“தண்ணி?”

நான் ஹனிபா நானாவின் பக்கம் திரும்பினேன்.

“நானா, இந்த மாடு குளத்துக்கு வரக்கூடா எண்டா, குளம்தான் இங்க வரவேணும்.”

“என்ன கதை இது?”

“உங்கட தண்ணிப் பவுசர் இருக்கு, ட்ரக்டர் இருக்கு.”

அவர் அப்போதுதான் எஞ்சினை நிறுத்தினார். “என்ர டீசல். என்ர ட்ரக்டர். அவன்ர மாடு.”

“ஓம். பின்னேரம் குளக்கட்டில எல்லாரும் பொல்லோட நிண்டா இவரும் பொல்லோட வருவார். அடிபடுறதுக்கிடையில மாடு தண்ணிக்குள்ள இறங்கிடும். அதைவிட டீசல் லாபம்.”

ஹனிபா நானா என்னைக் கனநேரம் பார்த்தார். “தங்கச்சி, நீங்க படிச்சிருந்தா எங்களையெல்லாம் வித்துப்போட்டிருப்பீங்க,” என்றார். பிறகு தவராசா அண்ணனிடம், “பாசத்தில இல்ல, விளங்குதா? உன்ர மாட்டின்ர மூஞ்சி என்ர எருமைக்கிட்ட வரக்கூடா, அதுக்குத்தான்.”

“உங்கட பாசம் ஆருக்கு வேணும்?” என்றார் தவராசா அண்ணன்.

மாடுகளை வெறும் தரையில் பட்டிக் கம்பு நட்டு அடைத்தோம். தண்ணீர் வந்தது. வேலிக்கு வெளியில் நின்று குழாயை நீட்டிப் பாதியாய் வெட்டிய தகரப் பரல்களில் ஊற்றினார்கள். ட்ரக்டரின் சில்லுகூட உள்ளே வரவில்லை.

குடித்த மாடுகளுக்குச் சத்தம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் வெறும் மணலும் ஒரு பிடி வைக்கோலும். அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குப் பச்சை. மாடுகள் எல்லாம் வேலியோடு போய் நின்று அதைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வேலிக்கே போயின. நீங்கள் யாராவது அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு மாடு கத்துவது இல்லை, ஒரு பட்டியே கத்துவது. வீட்டில் பவளமக்கா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் இருந்ததாகப் பிறகு சொன்னார்.

பின்னேரம் ஆக, தவராசா அண்ணன் எழும்பிப் போய், காணிக்குள் நுழைகிற கடப்பின் குறுக்குக் கம்புகளை உருவத் தொடங்கினார்.

“அண்ணன், வேண்டாம்.”

“கொஞ்சம் தின்னட்டும். கொஞ்சம்தான்.”

“உள்ள போனா கொஞ்சத்தோட வராது.”

“அப்ப செத்துப்போகட்டும் எண்டுறீங்களோ?” மேல் கம்பு வெளியில் வந்துவிட்டது. “உங்களுக்கு மாடு இல்ல தங்கச்சி. அதாலதான் இப்பிடி நிக்க ஏலுது.”

அவர் சொன்னது சரி. எனக்கு மாடு இல்லை. பயம்தான் இருந்தது, இரண்டு பக்கத்துப் பயமும். நான் என்ன பேசினாலும் அவருக்கு அது வெறும் பேச்சாகத்தான் இருக்கும் என்று விளங்கியது. போய்க் கடப்பின் இடைவெளியில் நின்றேன். கம்பு விழுந்த சத்தம் கேட்டு மாடுகள் திரும்பி வந்தன. இளங்காளை, நாம்பன் ஒன்று என் தோளில் தலையை வைத்துத் தள்ளியது, எச்சில் என் சட்டை முழுக்க ஊறியது. கால் மணலில் வழுக்கியது. விழுந்தால் மிதித்துக்கொண்டு போகும். கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினால் மாடுகள் வெருளும் என்று அதையும் செய்யவில்லை.

தவராசா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு நாம்பனின் மூஞ்சியில் ஒரு அடி போட்டுப் பின்னுக்குத் தள்ளினார். கம்பைத் திரும்பச் செருகும்போது ஏசினார். என்னை, மாட்டை, மழையை, நாற்று தந்த சங்கத்தை, எல்லாவற்றையும். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கம்பு உள்ளே போய்விட்டது, அது போதும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பவளமக்கா பாய் போட்டுத் தந்தார். விடிய எழும்பி முதலில் கன்றுகளிடம் போனேன்.

ஒன்று படுத்துக் கிடந்தது. தட்டினேன், எழும்பவில்லை. தலையைத் தூக்கி வைத்தால் தொப்பென்று விழுந்தது.

தண்ணீர் கொண்டு வந்த ஹனிபா நானா வேலிக்கு மேலால் கண்டுவிட்டார். “பாத்தீங்களா? பாத்தீங்களா? கண்டுக்குட்டி விழுந்திட்டுது. நான் எல்லாருக்கும் சொல்லப் போறன்.”

“கொஞ்சம் பொறுங்கோ நானா.”

“இன்னும் என்னத்தைப் பொறுக்க?”

கன்றின் வாயைத் திறந்தேன். நாக்கு வெளிறிக் கிடந்தது, ஆனால் சுத்தம். குளம்பிடுக்கும் சுத்தம். அதில் ஆறுதல் எடுக்கலாமா? எடுக்க முடியவில்லை. சின்னக் கன்றுகளுக்கு வாயில் ஒன்றுமே காட்டாமல் நெஞ்சைத் தாக்கிக் கொன்றுவிடும் என்று டொக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். நான் எந்தக் கன்றுகளை நம்பி முழு நாளையும் ஓட்டினேனோ, அதில் ஒன்று என் கையில் துவண்டு கிடக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதான், நோய் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டிக்குத் தண்ணீர் கொண்டு வர ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தது என்னுடைய படிப்போ கெட்டித்தனமோ இல்லை, வழக்கமான சந்தேகம்தான். காஸ் அடுப்பை மூடினேனா? தாயைப் பார்த்தேனா? தாயின் மடியைப் பிடித்துப் பார்த்தேன். தோல் பை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. ஒரு சொட்டு வரவில்லை. இலையின் நஞ்சால் சாப்பாட்டில் மனம் விட்டுப்போய், வைக்கோலும் தின்னாமல், பால் வற்றிவிட்டது. கன்று வெறும் மடியைத்தான் இரவெல்லாம் முட்டியிருக்கிறது.

“பசியாயும் இருக்கலாம்,” என்றேன். “அக்கா, வீட்டில பால் இருக்கோ?”

“பால்காரர் விடியவே எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்,” என்றார் பவளமக்கா.

ஹனிபா நானா ட்ரக்டரில் இருந்து இறங்கினார். தயிருக்குக் கொண்டுபோக வைத்திருந்த எருமைப் பால் கேன் ஒன்றைத் தூக்கி வந்து, வேலிக்கு மேலால் நீட்டி, யாருடைய கையும் படாமல் மணலில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“கேனைத் திருப்பித் தரவேணாம்,” என்றார். “தொட்டுட்டு என்ர பக்கம் வந்திடாதீங்க. எரிச்சாலும் சரி.”

தண்ணீர் கலந்து, விரலில் தொட்டு நக்கக் கொடுத்து, பிறகு ஊற்றினோம். அவர் போகவில்லை. ட்ரக்டரில் ஏறி இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. வெயில் ஏறியது. தவராசா அண்ணன் கன்றுக்கு நிழலாக முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முதலில் காது ஆடியது. கனநேரத்துக்குப் பிறகு முன்னங்காலை ஊன்றியது, விழுந்தது, திரும்ப ஊன்றியது. எழும்பி நின்று முதலில் செய்த வேலை தவராசா அண்ணனின் சாரத்தைச் சப்பியதுதான்.

“இது சாகாது,” என்றார் ஹனிபா நானா. “வெக்கமில்லாத கண்டு. சொந்தக்காரனைப் போல.”

டொக்டர் சொன்னபடி பின்னேரம் வந்தார். கையுறை போட்டு ஒவ்வொன்றின் வாயும் பார்த்தார், காலும் பார்த்தார். நொண்டிய மாட்டின் குளம்பிலிருந்து ஒரு உடைமர முள்ளை இழுத்தெடுத்துக் காட்டினார். இரத்தமும் எடுத்துக்கொண்டார். இலைதான் என்றார்.

“வால் மயிரைக் கண்டனீங்கள்தானே?” என்று என்னைக் கேட்டார். “கால்வாயில வால் மயிர் கொட்டாது.”

“கண்டனான் டொக்டர். ரெண்டும் ஒண்டாய் வந்திருந்தா?”

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். “வரலாம்,” என்றார். “அதுக்குத்தானே இரத்தம் கொண்டு போறன்.” இரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்று பிறகு அறிவித்தார். அதன் பிறகுதான் மாடுகள் குளத்துக்குப் போயின.

பட்டி பிழைத்தது. எல்லாம் பிழைத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் சினைப்பட்டு நின்ற ஒரு பசு காலம் வருமுன்னே கன்று வீசிவிட்டது. அதைக் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்த அன்று தவராசா அண்ணன் என்னிடம் கேட்டார்: “இலை எண்டு உங்களுக்கு முதலே தெரியும்தானே? ஏன் சொல்லேல்ல?”

“தெரியாது அண்ணன். நினைச்சனான்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அதை உங்களுக்குச் சொல்கிறேன். நினைப்பதை வைத்துத் தீனியை மாற்றலாம், பிழையாய்ப் போனாலும் பெரிய நட்டமில்லை. நினைப்பதை வைத்துக் குளத்தைத் திறக்க முடியாது. நீங்கள் எடுக்கும் முடிவு பிழையாய்ப் போனால் அது யாருடைய வளவுக்குள் போய் விழும் என்று முதலில் பாருங்கள். தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

மாடுகள் வைக்கோலை விரும்பித் தின்னத் தொடங்கி, மொட்டை வால்களில் புது மயிர் முளைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நாள் நான் போனபோது தவராசா அண்ணன் கோடாலியோடு காணிக்குள் நின்றார். ஹனிபா நானாவும் நின்றார். வைக்கோல் கொண்டு வந்து இறக்கிவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்க்க நின்றிருக்கிறார்.

“வெட்டப் போறன்,” என்றார் தவராசா அண்ணன். “எல்லாத்தையும். மறிக்காதீங்கோ.”

“மறிக்கேல்ல. வெட்டுங்கோ. வேர் கிடக்கும், மழை வர முன்னமே தளிர்க்கும். அந்தத் தளிரிலதான் நஞ்சு கூட.”

“அப்ப வேரோட தோண்டுவன்.”

“தோண்டுங்கோ. பிறகு இந்த மணலில என்ன நிக்கும்?”

அவர் சுற்றிவரப் பார்த்தார். அந்தப் பக்கம் மணல், இந்தப் பக்கம் மணல், தூரத்தில் கடல். கோடாலியைக் கீழே போடவும் இல்லை, ஓங்கவும் இல்லை.

“அப்ப என்னதான் செய்யிறது? வெட்டவும் ஏலாது, விடவும் ஏலாது.”

“பட்டியை இதுக்குள்ள கட்டாதீங்கோ. எந்த வறட்சியெண்டாலும். இலை மாட்டுக்கிட்ட போகட்டும், மாடு இலைக்கிட்ட போகவேண்டாம். நாங்கள் வெட்டிக் கொண்டுபோய்ப் போடுற அளவுதான் அதுக்கு.”

“எவ்வளவு?”

டொக்டர் எனக்குச் சொல்லித்தான் விட்டிருந்தார், இனிக் கொஞ்சமாகத் தொடங்கலாம் என்று. ஆனாலும் அந்த “எவ்வளவு” என் நெஞ்சில் வந்து அடித்தது. தவராசா அண்ணன் கோடாலியை மரத்தில் சாத்திவிட்டு இடுப்புக் கத்தியை உருவி என்னிடம் நீட்டினார்.

“நீங்களே வெட்டித் தாங்கோ.”

வெட்டினேன். ஒரு கட்டு. அதிலிருந்து இரண்டு கிளையை எடுத்து அப்பால் போட்டேன். பிறகு இன்னும் ஒன்றை எடுத்தேன். மிச்சத்தைக் கொண்டுபோய் வைக்கோலோடு பிசைந்து கலந்து போட்டேன். மாடுகள் மூஞ்சியை உள்ளே விட்டுக் கிளறின.

ஹனிபா நானா எட்டிப் பார்த்தார். “இவ்வளவு மாட்டுக்கும் இது காணுமா தங்கச்சி?”

“காணாது நானா,” என்றேன். “இண்டைக்கு அவ்வளவுதான்.”